சுரங்கத்தைச் சுற்றிக் காட்ட வேண்டியவர்கள்

(ஆந்திராவின் குப்பம் ஊரில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பெங்களூரில் வேலை முடித்து ரயிலை விட்டு இறங்கியதும் நேராக இங்கே வந்துவிட்ட தம்பிகளுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் நான் பார்த்த பழைய தங்க ஆலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் பேச்சு அங்கேயே நிற்காது, கோலார் தங்கவயலுக்கு வந்துதான் தீரும். இந்தக் கூட்டத்திலேயே அப்பாவோ தாத்தாவோ தாய்மாமனோ தங்கவயலில் வேலை பார்த்த வீடுகள் எத்தனையோ இருக்கும். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன ஜனங்கள்தான் அந்தப் பாறையைக் குடைந்தார்கள்.

கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு மேற்கே, மலைக்குள் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1859 ஜனவரியில் அந்தப் பக்கத்து ஓடையில் பொன் கிடைத்தது. முதலில் மணலைச் சலித்தார்கள், அப்புறம் மலையைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆழம் போகப் போக ஊற்றுத் தண்ணீர் நிறைந்துகொண்டது. மேலே நின்று இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் சாமுவேல் நியூஹவுஸ் என்ற முதலாளி வேறு வழி பார்த்தார். மலையின் அடிவாரத்திலிருந்து மேலே உள்ள சுரங்கங்களுக்குக் கீழாகப் போகும்படி ஒரு நீண்ட குகைப்பாதை வெட்டினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், காற்றும் போகும், தாதுப் பாறையையும் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். 1893ல் தொடங்கி 1910ல் முடித்தார்கள். நீளம் ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர். அதுதான் ஆர்கோ சுரங்கம். அதன் வாயிலிலேயே 1913ல் ஆர்கோ ஆலை ஓட ஆரம்பித்தது.

ஆலையைக் கீழிருந்து மேலே பார்க்க முடியாது. நம்மை வண்டியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். இதைச் சுற்றுலாவுக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள், பாறை போன வழியே அதுதான். கட்டடமே மலைச்சரிவில் படிப்படியாகத்தான் இறங்குகிறது. மேலே கொட்டிய பாறை தன் எடையாலேயே அடுத்தடுத்த தளத்துக்கு விழும். முதலில் இரும்புத் தாடைகள் அதைக் கடித்து உடைக்கும். பிறகு உருளைக்குள் இரும்புக் குண்டுகளோடு உருண்டு மாவாகும். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, சாய்ந்து ஆடிக்கொண்டே இருக்கும் மேஜைகளில் ஓடவிடுவார்கள். நம் அம்மாக்கள் முறத்தில் புடைப்பதை அங்கே தண்ணீர் செய்கிறது: கனமானது ஒரு பக்கம், லேசானது ஒரு பக்கம். அதிலும் சிக்காத பொன்னுக்குப் பாதரசம். பாதரசம் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் மிஞ்சும். அதற்கும் தப்பியதைச் சயனைடு கரைசலில் கரைத்து, துத்தநாகத் தூளைப் போட்டுப் பிரித்தெடுப்பார்கள்.

அந்தப் பாதரச ஆவியைச் சுவாசித்தவன் யார், சயனைடுத் தொட்டி ஓரத்தில் நின்றவன் யார் என்றுதான் என் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டிப்போன இளைஞர் இயந்திரங்களை அருமையாக விளக்கினார். மறைக்கவும் இல்லை. 1943 ஜனவரி 19 அன்று, மேலே கான்சாஸ் என்ற சுரங்கத்தில் வெடி வைத்தபோது, தண்ணீர் நிறைந்து கிடந்த பழைய குடைவு ஒன்று உடைந்தது. தேங்கியிருந்த வெள்ளம் முழுவதும் ஆர்கோ வழியாகப் பாய்ந்தது. 4 தொழிலாளர்கள் செத்தார்கள். ஆலையும் அதோடு நின்றுபோனது. தண்ணீரை வடிப்பதற்காக வெட்டிய வழி, அதே தண்ணீரை ஆட்கள் மேல் கொண்டுவந்து தள்ளியது. இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தி, எங்களைச் சற்று நேரம் நிற்க வைத்தார். அந்த மரியாதைக்காகவே நான் அவருக்குக் கை கொடுத்தேன்.

இன்னொன்றையும் காட்டுகிறார்கள். சுரங்கம் மூடி இத்தனை காலமாகியும் தண்ணீர் வடிந்துகொண்டேதான் இருக்கிறது. இரும்பும் துத்தநாகமும் செம்பும் கரைந்த அமிலத் தண்ணீர். அது ஓடையில் கலந்து மீனைக் கொன்றது. 1998 முதல் அதைச் சுத்திகரித்து விடுவதற்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. பொன் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், செலவு பின்னால் வந்தவர்கள் தலையில். கடைசியில் ஒரு சிறிய கைச்சுரங்கத்துக்குள் அழைத்துப் போகிறார்கள், குழந்தைகளுக்குத் தட்டில் மண் கொடுத்து அலசச் சொல்கிறார்கள். அது பிள்ளைகளுக்குக் குதூகலம், அவ்வளவுதான்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

அந்தக் கைச்சுரங்கத்தில் குளிரடித்தது, மேல்சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நம் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலே குளிர்விக்கும் இயந்திரம் வைத்துக் காற்றை உள்ளே அனுப்பித்தான் மனிதர்களை அங்கே நிறுத்த முடிந்தது. 1880ல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துக் கம்பெனி தங்கவயலில் இறங்கியது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தபோது, உலகத்திலேயே மிக நீளமான மின்கம்பித் தடங்களில் அதுவும் ஒன்று. 1965ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பானிய, இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலகத்தின் முதல் பதிவுகளில் ஒன்று அது. ஆட்களை இறக்கி ஏற்றும் நம் கூண்டில் இறங்கி, நம் ஆட்கள் வெட்டிய அறையில் நடந்த ஆராய்ச்சி!

ஆர்கோவை வைத்துக்கொண்டு அவர்கள் உலகத்தையே அழைத்துக் காட்டுகிறார்கள். 800 டன் பொன் தந்த இடம் நம்முடையது. பங்காருப்பேட்டையில் ரயில் மாறி மாரிகுப்பத்தில் இறங்கினால் பூட்டிய கதவுகளையும் ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிகளின் துருப்பிடித்த கோபுரங்களையும், பொன் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவைக் கொட்டிய சயனைடு குன்றுகளையும்தான் பார்க்கலாம். 2001 பிப்ரவரி 28 அன்று மூடியதோடு சரி. இந்தப் பக்கம் சிகரகுண்டா தங்கச் சுரங்கத்திலும் அதே கதைதான். குன்றுகளிலிருந்து மறுபடி பொன் எடுக்கலாம் என்று பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. அந்தக் குன்றுகளின் தூசியை வருஷக்கணக்காகச் சுவாசிக்கும் லைன் வீடுகளை, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி அத்தனை பேச்சு இல்லை.

கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சுமார் 3 கிராம் பொன்தான் கிடைத்தது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 கிராம் ஒரு பவுன் என்றால், ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் பாறையை உடைத்துத் தூக்கியிருக்கிறார்கள். பாறை துளைத்த தூசியில் நுரையீரல் கல்லாகி, சிலிகோசிஸ் வந்து, மாடிப்படி ஏற மூச்சில்லாமல் போனவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். திடீரென்று பாறை வெடித்து, அன்றைய ஷிஃப்டிலிருந்து வீடு திரும்பாதவர்களின் குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தங்கவயலின் ஆலையையும் கூண்டு இழுத்த பெரிய இயந்திரக் கூடத்தையும் காப்பாற்றி மக்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். ஆழத்துச் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது, அங்கே யாரையும் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. தரைமேல் இருப்பதே ஒரு நாள் முழுக்கப் பார்க்கப் போதும். ஆனால் அதைச் சுற்றிக் காட்டுபவர் மனப்பாடம் செய்த சம்பளக்காரராக இருக்கக் கூடாது. ஆர்கோவில் எனக்குக் கிடைக்காதது அது ஒன்றுதான்: அங்கே வேலை பார்த்த எவரும் இன்று உயிரோடு இருக்க வழியில்லை. நமக்கு இருக்கிறார்கள். 2001ல் 40 வயதில் வெளியே வந்தவருக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. கூண்டில் இறங்கும்போது காது அடைத்தது, வெடி வைத்த பிறகு எவ்வளவு நேரம் ஒதுங்கி நின்றார்கள், சம்பள நாளில் லைனில் என்ன நடந்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வழிகாட்டி என்று பதவி கொடுத்து, கௌரவமான சம்பளமும் கொடுத்து நிறுத்த வேண்டும். செத்தவர்களின் பெயர்கள் ஆலை வாசலிலேயே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் ஊரிலேயே திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு கைபேசியோடு தங்கவயலுக்குப் போய் வயசானவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யலாம். நானும் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். தங்கவயலிலோ சிகரகுண்டாவிலோ வேலை பார்த்தவர்கள் யார் வந்திருந்தாலும், கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள் ஐயா. வீட்டில் நடக்க முடியாமல் இருப்பவர்கள் என்றால் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் வருகிறேன். எந்த ஷாஃப்ட், என்ன வேலை, எந்த வருஷம் சேர்ந்தீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.