அந்தக் காட்சி ஏன் மறப்பதில்லை?

(களியக்காவிளைப் பக்கம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகசாலைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, கேரள எல்லை தாண்டி, ஓட்டோ பிடித்து நேரத்துக்கு வந்து சேர்ந்த பாறசாலை நண்பர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த இளைஞர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஆபரேட்டர் அண்ணாச்சிக்குத் தனி வணக்கம். டூரிங் கொட்டகையில் தொடங்கிக் கடைசி ரீல் புரொஜெக்டர் நிற்கும்வரை நமக்குப் படம் ஓட்டியவர். பொன்னாடை வரிசையில் அவரை முதலில் அழைத்த செயலாளருக்கு நன்றி. இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு மரியாதை அவருக்கு இதற்கு முன் கிடைக்கவில்லை என்பது வருத்தம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மனதில் நின்ற சினிமாக் காட்சிகள். ஒரு காட்சி நிற்பதற்கு ஒளி, ஒலி, நடிப்பு என்று மூன்று காரணம் சொல்லலாம். மூன்றையும் பார்ப்போம். அதற்கு முன் ஒரு பழமொழி. உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும், அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒளி. 1957இல் வந்த 'மாயா பஜார்' தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே எடுக்கப்பட்ட படம். அதில் நிலவொளியில் படகு போகும் காட்சி. இளங்காதலர் படகில் போகிறார்கள். கண்ணனும் ருக்மிணியும் வருகிறார்கள், அவர்களும் அந்த நிலவில் மயங்குகிறார்கள். அப்புறம் பலராமர். அவரும் அதே கதி. அந்த நிலவு ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி விளக்கு வைத்து உண்டாக்கிய நிலவு. கறுப்பு வெள்ளையில் நிலவு செய்வது எப்படி? விளக்கை முகத்துக்கு நேரே வைத்தால் பகலாகிவிடும். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒரே திசையில் கூர்மையான வெளிச்சம் கொடுக்க வேண்டும். தலைமுடியின் ஓரமும் தண்ணீரின் அலையும் மட்டும் பளிச்சிடும். முகத்துக்கு அதைவிட மிகக் குறைந்த வெளிச்சம் போதும். நிழல் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால் நிலவு போய்விடும், விளக்குதான் தெரியும். எங்கே நிறுத்துவது என்ற அந்த அளவுதான் வித்தை. அதே பார்ட்லிதான் 1965இல் 'செம்மீன்' படத்துக்குக் கடலை ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுத்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்தக் கடலை மறந்தவர்கள் உண்டா?

இனி ஒலி. 1954இல் வந்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத தமிழ்ப் படம். வீணை மேதை எஸ். பாலசந்தர் இயக்கியது. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம், கதாநாயகன் செத்து விழுகிறான். பத்துப் பாட்டு, பதினைந்து பாட்டு என்று கேட்டுப் பழகிய காது, பாட்டு வரும் வரும் என்று காத்திருக்கிறது. வராததால் ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் கவனிக்கத் தொடங்குகிறது. உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும்.

இங்கே அண்ணாச்சியின் தொழிலைச் சொல்லாமல் போகக்கூடாது. நாம் திரையில் கண்டது நொடிக்கு 24 படம். ஒரு அடி பிலிமில் 16 படம், நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதில் 2,16,000 தனித்தனிப் படங்கள். ஒவ்வொரு படமும் புரொஜெக்டரில் ஒளி பாய்கிற சன்னலுக்கு, அதாவது 'கேட்'டுக்கு நேரே ஒரு கணம் நின்று, பிறகு இழுக்கப்படுகிறது. இழுக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்ளும். நிற்கும்போதும் மினுக்கம் தெரியாமல் இருக்க ஒரு முறை மூடித் திறக்கும். ஆக, கொட்டகையில் கிட்டத்தட்டப் பாதி நேரம் திரை இருட்டு. அந்த இருட்டைக் கண் அறியவில்லை. பிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்த கோட்டில், ஒரு படத்துக்குரிய ஒலி இருக்கிற இடமோ அந்தப் படத்திலிருந்து சுமார் 20 பிரேம், அதாவது 20 படம் தள்ளி. பிலிம் கோக்கும்போது 'கேட்'டுக்குக் கீழே தளர்வாக விடுகிற வளைவு, அந்த லூப், பெரிதாகவோ சிறிதாகவோ போனால், உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். நாலைந்து பிரேம் தப்பினாலே கூட்டம் விசில் அடிக்கும். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகள் எரிந்து இடைவெளி கூடினால் திரை மங்கிப் பழுப்பேறும், அதற்கும் விசில். ரீல் முடிகிற நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் வந்து போகும், பார்த்திருப்பீர்கள். முதல் வட்டத்துக்கு, அடுத்த ரீல் கோத்து வைத்திருக்கும் இன்னொரு மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாம் வட்டம், உடனே மாற்ற வேண்டும். சிவாஜி அழுகிற இடத்தில் நாமும் அழுதோம் என்றால், மேலே கேபினில் ஒருவர் அழாமல் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு ஒரு கைதட்டு கொடுங்கள்.

மூன்றாவது நடிப்பு. 'தில்லானா மோகனாம்பாள்', 1968. திருவனந்தபுரத்தில் பிறந்த பத்மினி, காயம்பட்ட சிவாஜியைச் சபை நடுவே ஆட்டத்திலேயே நலம் விசாரிக்கிற இடம். இதை விரித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

நம்மில் யாருமே பார்க்காத ஒரு காட்சி நம்மோடு நிற்கிறது. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். நாயகன் ஒரு பெண்ணின் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. படம் 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல், நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்று, அவரே எழுதி, இயக்கி, நடித்து எடுத்த ஊமைப்படம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிட்டார்கள். நாயகி பி.கே. ரோசி தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதே சபையில் இருந்த பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. பூவை முத்தமிட்டதும் கல்லெடுத்துத் திரையைக் கிழித்தார்கள். ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் நாகர்கோவில் போகிற லாரியில் ஏறித் தப்பி, இந்தப் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார் என்பார்கள். டேனியல் கடனாளியானார், பல் வைத்தியம் கற்றுப் பிழைத்தார். வயதான காலத்தில் கேரள அரசிடம் கலைஞர் உதவித்தொகை கேட்டபோது, நீர் தமிழ்நாட்டுக்காரர், அங்கே கேளும் என்று பதில் வந்தது. 1975இல் இறந்தார். 1992இலிருந்து கேரளத்தின் மிக உயர்ந்த சினிமா விருது அவர் பெயரில்தான். ரீல்? வீட்டில் கிடந்ததை அவர் மகன் சிறுபிள்ளையாக இருந்தபோது விளையாட்டாக எரித்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று. 'மார்த்தாண்ட வர்மா', 1933. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். நம்ம பத்மநாபபுரமும் சாரோட்டுக் கொட்டாரமும் வருகிற கதை. படமெடுத்தவர்கள் உரிமை வாங்கவில்லை. நாவலை வெளியிட்ட கமலாலயா புத்தகக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், படம் நின்றது, ரீல் அவர்கள் வசம் போனது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கேட்டு வாங்கியது. ஊரெல்லாம் ஓடிய படங்களின் பிரதிகள் தேய்ந்தும் பிலிமில் உள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டும் போயின. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931இன் 'காளிதாஸ்'கூட நம்மிடம் இல்லை. ஓடாத படம், ஒரு புத்தகக் கடையில் இருந்ததால் பிழைத்தது. வாசகசாலைக்காரர்களே, நம்மைப் போன்றவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

ஆகவே என் கோரிக்கை: இந்த வாசகசாலையின் பின்னறையைப் பிலிம் அறையாக ஒதுக்க வேண்டும். மூடிய கொட்டகைகளின் கேபினிலும் வீட்டுப் பரணிலும் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. நமக்கு இரண்டு மழைக்காலம். ஈரம்தான் முதல் எதிரி. அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பகலில் ஏசி போட்டு ராத்திரி அணைப்பது போடாமலிருப்பதைவிடக் கெடுதல், பெட்டிக்குள் வியர்க்கும். துருப்பிடித்த தகரப் பெட்டியை மாற்றி, காற்றோட்டமுள்ள பாலிபுரொப்பிலின் டப்பாவில் படுக்கை வசமாக வைக்க வேண்டும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டவே கூடாது. திறந்ததும் காடி நாற்றம் அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அந்தப் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது. அது பக்கத்து ரீலையும் கெடுக்கும், தனியே எடுத்துவிடுங்கள். அழுகலின் அளவறிய நீலச் சோதனைத்தாள் இருக்கிறது. டப்பாவுக்குள் வைத்து ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் எச்சரிக்கை, மஞ்சளானால் உடனே டிஜிட்டலுக்கு ஏற்ற வேண்டும். ஈஸ்ட்மென் வண்ணப் பிரதியில் நீலச்சாயம் முதலில் போகும், முழுப்படமும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஸ்கேன் செய்தபின் ஓரளவு மீட்கலாம்.

ஓட்டிப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம். சுருங்கிய பிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழிந்துவிடும். பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் எதுவானாலும் நமக்கு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 1951க்கு முந்தைய பெட்டி என்றால், எளிதில் தீப்பிடிக்கிற பழைய நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். அப்படிப்பட்டதை இங்கே தூக்கி வர வேண்டாம், பஸ்ஸில் ஏற்றவும் வேண்டாம். அடுப்படியிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் புனேக்கு எழுதி அவர்கள் சொல்கிறபடி செய்வோம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெட்டி யாரிடம் இருக்கிறது, பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை ரீல், நாற்றம் உண்டா, இந்த நாலையும் எழுதுங்கள். பாறசாலை நண்பர்கள் மலையாளத்திலேயே எழுதலாம். ஆபரேட்டர் அண்ணாச்சி நோட்டுக்குப் பக்கத்தில் இருப்பார், பெட்டியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவரிடம் கேளுங்கள். வணக்கம்.