சாவி யாரிடம் இருக்கிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கல்லூரி ஊரில் பொது நிகழ்ச்சிகள் நிலைத்து நிற்பது பெரிதும் மாணவர்களின் உற்சாகத்தாலா, ஊர்வாசிகளின் பொறுப்பாலா என்பது இன்றைய தலைப்பு. ஊர்வாசிகளின் பொறுப்பால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். தலைப்பில் உள்ள ஒரு சொல்லை எதிரணி தாண்டிப் போய்விட்டது. 'நிலைத்து' என்ற சொல். நிகழ்ச்சியை நடத்துவது யார் என்று கேட்டிருந்தால் பாதி இடங்களில் மாணவர்கள்தான் என்று நானே சொல்லியிருப்பேன். நாற்காலி தூக்குவதும் மேடை போடுவதும் ஒரே இரவில் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டுவதும் அவர்கள்தான். அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. அதே நிகழ்ச்சி ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் நடக்கிறதா என்பதுதான் தலைப்பு கேட்கும் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஒருவர் வந்து சேர்கிறார். முதலாண்டில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்கிறார். இரண்டாமாண்டில் கூடமாட ஒத்தாசை செய்கிறார். மூன்றாமாண்டில் பொறுப்பேற்கிறார். நான்காமாண்டில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பம் போட ஓடுகிறார். நிகழ்ச்சியைத் தோளில் சுமக்க அவருக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஆண்டு. அந்த ஆண்டாவது முழுசாகக் கிடைக்குமா? ஒரு பருவம் ஏறத்தாழ 15, 16 வாரம். முதல் 2 வாரம் அறை மாறுவதிலும் பாடம் பதிவதிலும் போய்விடும். நடுவே 7, 8-ஆம் வாரங்களில் இடைத்தேர்வு. கடைசி 3 வாரம் செய்முறை, ஒப்படைப்பு, தேர்வு. மிச்சம் 8 வாரம், போனால் போகிறது என்று 9 வாரம். பொது நிகழ்ச்சி வைக்கத் தோதான நாள்கள் 3 முதல் 6-ஆம் வாரம் வரை, பிறகு 9 முதல் 12-ஆம் வாரம் வரை. இது தெரியாமல் இடைத்தேர்வு வாரத்தில் தேதி குறித்து, வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பேசும் நிலை புதுக் குழுவுக்கு அடிக்கடி வருகிறது. மூன்று தடவை பார்த்த ஊர்வாசி ஒருவர் குழுவில் இருந்தால் தேதியைக் கேட்டதுமே தடுத்திருப்பார்.

எதிரணித் தலைவர் இரண்டு சான்று காட்டினார். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1909 முதல் நடக்கும், கல்லூரி வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பிக்னிக் டே ஒன்று. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1982-ல் பிறந்த, மாணவர்கள் ஒருநாள் ஊருக்காக உழைக்கும் பிக் ஈவன்ட் இன்னொன்று. இரண்டையும் மாணவர்கள் நடத்துகிறார்கள் என்றார். உண்மைதான், இரண்டும் பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சிகள். ஆனால் டேவிஸில் அந்தக் கதவை முதலில் திறந்தது கல்லூரி. புதிதாகக் கட்டிய பால்பண்ணைக் கொட்டகையை வெளிமக்கள் வந்து பார்க்கட்டும் என்று அழைத்தது. மாணவர் குழு பிறகுதான் பொறுப்பை வாங்கிக்கொண்டது. பிக் ஈவன்டில் மாணவர்கள் எங்கே போய் வேலை செய்கிறார்கள்? ஊர்வாசிகள் வீடுகளில். என் வீட்டு வேலியைச் சீர்செய்ய வேண்டும், இலை வார வேண்டும் என்று ஊர்வாசி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் அன்று அவர்களுக்கு வேலையே உண்டு. எதிரணி காட்டிய சான்றிலேயே மறுபாதி ஊர் நிற்கிறது.

என் பக்கத்துச் சான்றுக்கு வருகிறேன். 1998-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கஃபே சயின்டிஃபிக் என்ற கூடுகை தொடங்கியது. அறிவியலாளர் ஒருவர் 20 நிமிடம் போலப் பேசுவார். பிறகு ஓர் இடைவேளை. அதன்பின் ஒரு மணி நேரம் வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். பேச்சைவிடக் கேள்விக்கு மூன்று மடங்கு நேரம் என்ற இந்த எளிய அமைப்பு பல நாடுகளுக்குப் பரவியது. தொடங்கியவர் டங்கன் டல்லாஸ். அவர் மாணவரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. அந்த ஊரில் வாழ்ந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர்.

இன்னொன்று, மிச்சிகனின் ஆன் ஆர்பர். பெரிய பல்கலைக்கழக ஊர். அதன் தெருவோரக் கலைச் சந்தை 1960-ல் தொடங்கியது. தொடங்கியவர்கள் வணிகர்களும் உள்ளூர்க் கலைச் சங்கமும். நடப்பது எந்த மாதம் தெரியுமா? ஜூலை. மாணவர் பெரும்பகுதி ஊரில் இல்லாத மாதம்! உற்சாகமே நிகழ்ச்சியைத் தாங்குகிறது என்றால், உற்சாகம் ஊருக்குப் போயிருக்கும் மாதத்தில் இது இத்தனை ஆண்டுகள் எப்படி நின்றது?

சரி, மாணவர் நடத்திய நல்ல நிகழ்ச்சி ஏன் மூன்றாம் ஆண்டில் நின்றுபோகிறது? சோம்பலால் அல்ல. சின்னச் சின்ன அறுபடல்களால். நிகழ்ச்சியின் தொடர்பு முகவரி ஒரு மாணவரின் கல்லூரி மின்னஞ்சலாக இருக்கும். பட்டம் பெற்றுப் போன சில மாதங்களில் பல கல்லூரிகள் அந்தக் கணக்கை மூடிவிடும். அரங்கு ஒதுக்கிய கடிதம், ஒலியமைப்பாளரின் எண், வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர் பட்டியல், செலவுக் கணக்கு எல்லாம் அதற்குள்ளேதான். சமூக ஊடகப் பக்கத்தைத் திறக்கலாம் என்றால் சரிபார்ப்பு எண் போவதும் மூடிப்போன அதே முகவரிக்கு. ஆயிரம் பேர் பின்தொடரும் பக்கம் ஒரே நாளில் அநாதையாகிவிடும். இதற்கு மருந்து எளிது. நிகழ்ச்சியின் பெயரில் தனி முகவரி வையுங்கள். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் ஊர்வாசி. வங்கிக் கணக்கில் மூவர் கையொப்பமிடும் உரிமையோடு இருக்கட்டும், எந்த இருவர் போட்டாலும் செல்லட்டும், மூவரில் இருவர் ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள். மாணவர் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. அவர் போயாக வேண்டியவர், போவதற்குத்தான் படிக்கிறார்.

அடுத்து ஏடு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு ஏடு வேண்டும். நல்ல ஏட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கும்? "தெற்குச் சுவரின் நான்கு பிளக்கும் ஒரே இணைப்பு. வெந்நீர்க் கொதிகலனை அங்கே மாட்டாதே, ஒலிபெருக்கியும் சேர்ந்து அணையும். வடக்கு மூலையில் தனி இணைப்பு உண்டு. வயர்ச் சுருளை முழுதும் பிரித்துப் போடு. சுற்றியபடி விட்டு 2,000 வாட் இழுத்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும். வாசல்படி 15 சென்டிமீட்டர் உயரம், சக்கர நாற்காலிக்கு 1.8 மீட்டர் சாய்வுப் பலகை வேண்டும்." ஏன் 1.8? ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வு. அதைவிடக் குட்டையான பலகை போட்டால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி கையை மீறும். "90 பேரை எதிர்பார்த்தால் 60 நாற்காலி போடு, 30-ஐச் சுவரோரம் அடுக்கி வை. கூட்டம் வரவர விரி. 90-ஐயும் போட்டால் எல்லோரும் பின்வரிசையில் அமர்வார்கள், பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஆறு வரிசை காலியாகக் கிடக்கும். ஒலிபெருக்கியை ஒலிவாங்கிக்கு முன்னால் வை, பின்னால் வைத்தால் கீச்சிடும். குடியிருப்புப் பக்கம் திருப்பாதே."

நடுவர் அவர்களே, இந்த ஒவ்வொரு வரியும் ஓர் ஆண்டில் பட்ட அடி. ஓராண்டு மட்டும் இருப்பவர் ஒரு வரிதான் எழுத முடியும். இருபது வரி சேர இருபது ஆண்டு அங்கேயே இருக்கும் ஒருவர் வேண்டும்.

ஆள் கணக்கையும் பாருங்கள். தன்னார்வலர் 10 பேர் தேவை என்றால் 15 பேரிடம் சொல்லி வைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கடைசி நேரத்தில் வராமல் போவது வழக்கம். இலவச நிகழ்ச்சிக்கு 100 பேர் பெயர் கொடுத்தால் பாதிக்குச் சற்று மேல் வருவார்கள். இவை அனுபவ அளவுகள், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் எவ்வளவு என்பது பழைய வருகைப் பட்டியல்களை வைத்திருப்பவருக்கே தெரியும்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், ஊர்மக்களைக் கூப்பிட்டாலும் அவர்கள் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டார். வருத்தம் நியாயம், காரணம் வேறு. அழைப்பிதழை எடுத்துப் படியுங்கள். 'இயற்பியல் துறை, மூன்றாம் தளம், அறை 304, மாலை 5:30.' வளாகத்துக்குள் கால் வைக்காத ஒருவருக்கு இது முகவரியா? எந்த வாயிலில் நுழைவது, காவலாளி கேட்டால் என்ன சொல்வது, வண்டியை எங்கே விடுவது, மின்தூக்கி இருக்கிறதா, குழந்தையைக் கூட்டி வரலாமா, எத்தனை மணிக்கு முடியும்? ஆறு கேள்விக்கும் அழைப்பிதழில் பதில் இருந்தால் ஊர் வரும். அதுவும் மாணவர் குழுக்களின் கைபேசிக் குழுக்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் போதாது. நூலகப் பலகையிலும் பேருந்து நிறுத்தத்திலும் மூன்று வாரம் முன்பே ஒட்ட வேண்டும், மூன்று நாள் முன்பு மறுபடி நினைவூட்ட வேண்டும். அழைப்பை எழுதும்போது ஓர் ஊர்வாசி பக்கத்தில் இருந்தால் இந்த ஆறு கேள்வியும் அங்கேயே வந்துவிடும்.

ஊருக்கும் கல்லூரிக்கும் சண்டைதானே வரலாறு என்றும் அவர் கேட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் 1355 பிப்ரவரி 10-ல் மதுக்கடையில் மூண்ட தகராறு பெருங்கலவரமாகிப் பல உயிர்களைக் குடித்தது. அதற்காக நகரத் தலைவர் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்கு அபராதம் செலுத்தும் வழக்கம் 1825 வரை நீடித்தது. முறையான சமரசம் 1955-ல், சரியாக 600 ஆண்டு கழித்து. இதில் எனக்குத் தெரிவது, நினைவு என்பது போகிறவர்களிடம் தங்குவதில்லை, இருக்கிறவர்களிடம்தான் தங்கும் என்பது. பகையின் நினைவையே அத்தனை நூற்றாண்டு சுமந்த ஊர், நல்ல நிகழ்ச்சியின் நினைவைச் சுமக்காதா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் திட்டத்தை எதிரணி உயர்த்திப் பேசியது. எனக்கும் மிகப் பிடித்த வேலை அது. ஆனால் கல்லூரித் தேர்வு வாரத்தில் ஆசிரியராக வந்த மாணவர் வரமாட்டார். பள்ளி அப்போதும் நடக்கும். பிள்ளை பையோடு வந்து மேசையில் காத்திருக்கும். இரண்டு வாரம் ஆள் வராவிட்டால் மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை வராது, திரும்பக் கூட்டி வருவது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மாணவர், ஈடாக ஓர் ஊர்வாசி என்று முதல் நாளே இணைத்துப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், அறையில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். இந்த இரண்டு விதியையும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது.

கடைசியாக ஒரு பொதுத் தோட்டத்தைக் காட்டி அமர்கிறேன். நீண்ட விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு மாணவர்கள் உற்சாகமாக மண்ணைக் கொத்தி, எரு கலந்து, 10 சதுர மீட்டர் பாத்தியில் தக்காளி நாற்று நடுகிறார்கள். பெயர்ப்பலகையும் வைக்கிறார்கள். நாற்று நட்டு 60 முதல் 80 நாளில் பழுக்கும். 30-ஆம் நாளே கல்லூரி மூடிவிடும். வெயில் காலத்தில் அந்தப் பாத்திக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 10 சதுர மீட்டருக்கு 250 லிட்டர். 10 லிட்டர் பூவாளியில் 25 நடை. ஒரே நாளில் ஊற்றாமல் மூன்று நாளாகப் பிரித்து ஊற்றுவது நல்லது. நீர் ஒரு நாள் மிகுந்து மறுவாரம் வற்றினால் காயின் அடி கறுத்து அழுகும், பழம் வெடிக்கும். கல்லூரி பூட்டிக் கிடக்கும் அந்த வாரங்களில் விடியற்காலையில் குழாயடிப் பூட்டைத் திறந்து யாரோ வாரத்துக்கு 25 நடை நடக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பும்போது செடியில் பழம் சிவந்து தொங்கினால், பறிக்கட்டும், கூடி மகிழட்டும், படம் எடுத்துப் போடட்டும். அவர்கள் நட்ட செடிதான். குழாயடிச் சாவி அதுவரை யாரிடம் இருந்தது என்று மட்டும் விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.