கோல் வாசலில் யாரை நிறுத்துகிறோம்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். தோட்டங்களிலிருந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு. காற்பந்துக்குப் பதினொரு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. எறிபந்துக்கு, அதான் ஹேண்ட்பால், பிள்ளைகள் 'போலா பாலிங்' என்கிறார்களே, அதற்கு ஏழு பேர் போதும். அதில் ஆறு பேரைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறோம். அப்புறம் ஓட முடியாத பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ போய் கோல்ல நில்லு" என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம்.

எறிபந்துக் கோல் காவலர் தியெரி ஒமேயரைப் பாருங்கள். பிரான்சின் முலூஸ் நகரில் 1976-இல் பிறந்தவர். அவருடைய இரட்டைச் சகோதரரும் எறிபந்து ஆட்டக்காரர்தான். 2001-இல் பிரான்சு உலக வெற்றியாளரானபோது ஒமேயர் அணியில் இருந்தார். ஆனால் அணியின் முதல் தேர்வுக் காவலர் ப்ரூனோ மார்த்தினி. தம் முறை வரும்வரை உழைத்தார். 2009, 2011, 2015, 2017 என்று மேலும் நான்கு உலகப் பட்டங்கள். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் ஒலிம்பிக் தங்கம். 2008-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது, கோலைத் தடுக்கும் இந்த மனிதருக்குத்தான்! 2019-இல், 42 வயதில்தான் ஓய்வு பெற்றார்.

அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? கோல் வாசல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கையுறை கிடையாது. ஏழு மீட்டர் தண்டனை எறிதலில் பெரிய ஆட்டக்காரர்களின் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், காவலருக்குக் கிடைப்பது கால் விநாடி. பந்து கையை விட்ட பிறகு பார்த்தால் தீர்ந்தது கதை. எறிபவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, மணிக்கட்டு எப்போது மடங்குகிறது என்பதை முன்கூட்டியே படிக்க வேண்டும். துணிந்து வாசலுக்கு முன்னாலுள்ள நான்கு மீட்டர் கோடுவரை முன்னேறிக் கோணத்தை அடைக்க வேண்டும். தாழ்வாக வரும் பந்துக்குக் காலைப் பக்கவாட்டில் வீசித் தடுக்க வேண்டும். தடுத்த அடுத்த நொடியே, எதிரணி திரும்புவதற்குள், முன்னால் ஓடும் தோழனுக்கு நீளமாக எறியவும் வேண்டும்.

இன்னொன்று. பத்துப் பந்தில் மூன்று, நான்கைத் தடுத்தாலே அவர் உலகத்தரக் காவலர். மீதி உள்ளே போகத்தான் செய்யும். ஆகவே, உங்கள் பிள்ளை ஆறு விட்டால் கோட்டோரம் நின்று தயவுசெய்து கத்தாதீர்கள்.

ஆசிரியர்களே, இனி காவலரை முதலில் தேர்ந்தெடுங்கள். பந்து வரும்போது கண்ணை மூடாத பிள்ளையைத் தேடுங்கள். அது உங்கள் அணியிலேயே வேகமான பிள்ளையாக இருந்தாலும் சரி. சுவரைப் பார்த்து நிற்க வைத்து, பின்னாலிருந்து டென்னிஸ் பந்தைச் சுவரில் எறியுங்கள். தெறித்து வருவதை அவன் தடுக்கட்டும், அவள் தடுக்கட்டும். சனிக்கிழமை காலை பள்ளித் திடலில் எறிந்து கொடுக்க ஆள் வேண்டும். வர முடிந்த பெற்றோர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.