சாக்குப் பை இல்லாத தலையாட்டி

(மட்டக்களப்பில், அறிவியல் புனைகதை எழுத முனையும் இளையோர் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அன்பர்களே, வணக்கம்.

ஒற்றர் கதை என்றதும் கறுப்புக் கோட்டும் பேனாவுக்குள் துப்பாக்கியும் ஞாபகத்துக்கு வருகின்றன. அவற்றை இன்றைக்கு ஓரமாக வைத்துவிடுவோம். கிழக்கிலே ஒற்று என்று சொன்னால் உங்கள் பெற்றோரின் கண்முன் வருவது வேறொன்று. போர்க்காலச் சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் முழுக்க வரிசையாக நிற்கிறது. வாகனத்துக்குள் ஒருவர் இருக்கிறார். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசை நகர்கிறது. அந்தத் தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் வீடு. தமிழ்நாட்டு வாசகருக்குத் தலையாட்டி என்றால் தஞ்சாவூர்ப் பொம்மை. நமக்கு அது அந்தச் சாக்குக்குள் இருந்து ஆளைக் காட்டிக்கொடுப்பவர்.

எதிர்கால உளவின் முழுப் பொறியமைப்பும் அந்தச் சாக்குக்குள் இருந்தது. அடையாளம் காண்பவர் ஒருவர், பிடித்துச் செல்பவர் இன்னொருவர், தீர்மானிப்பவர் மூன்றாமவர். ஒருவருக்கும் மற்றவரின் வேலை முழுதாகத் தெரியாது. ஒரு கையிலிருந்து ஒரு சாவு வரைக்குமான தூரத்தை நீட்டுவதுதான் உளவுத் தொழில்நுட்பம் செய்கிற வேலை. அந்தத் தூரத்தை அளந்து, இடையில் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ணிக் காட்டுவது எழுதுகிறவரின் வேலை. இன்று நான் பேசப்போவது இதைத்தான்.

முதலில் கணக்கு. சாக்குப் பைக்குப் பதிலாக முகம் அறியும் கமரா வந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி' என்று ஒரு பாத்திரம் பெருமையாகச் சொல்கிறது. வாசகரும் நம்பிவிடுகிறார். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தக் கரையில் 50,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடப்படுபவர் ஒரே ஒருவர். 1 சதவீதப் பிழை என்றால் அந்தக் கமரா 500 பேரைப் பார்த்துத் தலையாட்டும். பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 50 பேர். அந்த ஐம்பதில் குறைந்தது 49 பேர் தீர்த்தமாட மட்டுமே வந்தவர்கள். இயந்திரம் பழுதாகவில்லை, சொன்னபடிதான் வேலை செய்கிறது. தேடப்படுபவர் அரிதாக இருக்கும்போது எவ்வளவு நல்ல கருவியும் பெரும்பாலும் அப்பாவியையே காட்டும். இந்தக் கணக்கைக் கதைக்குள் ஒருவர் தாளில் போட்டுப் பார்க்கட்டும். துரத்தல் காட்சி எதுவும் தராத பயத்தை அது தரும்.

வள்ளுவருக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. ஒற்றாடல் அதிகாரத்தின் 589ஆம் குறளில், ஒருவரை ஒருவர் அறியாதபடி ஒற்றரை ஆள்க, 'உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்' என்கிறார். பலர் இதை மூன்று சாட்சி என்று மட்டும் விளங்கிக்கொள்கிறார்கள். உயிர்நாடி 'அறியாதபடி' என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஒற்றரும் பத்துக்கு ஒரு தடவை பிழைவிடுபவர் என்றால், தனித்தனியான மூவரும் ஒரே விடயத்தில் சேர்ந்து பிழைவிடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மூவருமே ஒரே தேநீர்க் கடையில் ஒரே ஆளிடம் கேட்டு வந்தவர்கள் என்றால் அது மறுபடி பத்தில் ஒன்று. 2003 பெப்ரவரியில் ஈராக்கின் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சொல்லப்பட்டதன் முக்கிய வேர், 'கேர்வ்போல்' என்ற புனைபெயர் கொண்ட ஒரே அகதியின் வாய். தான் சொன்னது பொய் என்று அவர் 2011இல் ஒப்புக்கொண்டார். எதிர்காலக் கதையில் மூன்று இயந்திரங்கள் ஒத்துப்போகின்றன என்று எழுதினால், மூன்றும் ஒரே தரவில் பழகியவையா என்று ஒரு பாத்திரமாவது கேட்கட்டும்.

இனி நம் வாவிக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். நிலவுநாளில் துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும்மீன் கேட்ட ஊர் இது. நீருக்கடியில் ஒட்டுக்கேட்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்தக் கதைக்குக் கிடைக்கும்? துடுப்புக்குப் பதில், சேற்றில் நட்ட கம்பொன்றில் ஓர் ஒலிவாங்கியைக் கட்டுங்கள்.

அது என்ன கேட்கும்? ஒரு வள்ளத்தின் எஞ்சின் விசிறிக்கு மூன்று இதழ். அது நொடிக்கு 25 சுற்று சுற்றினால் இதழ்த் துடிப்பு நொடிக்கு 75. ஓர் இதழின் ஓரம் கல்லில் பட்டு உடைந்திருந்தால், சுற்றுக்கு ஒருமுறை ஒரு தடுமாற்றம், அதாவது நொடிக்கு 25 என்ற இன்னொரு துடிப்பும் சேரும். மீன் பாரம் ஏறினால், வேகம் குறைந்தால், 75 என்பது 66 ஆகும், 25 என்பது 22 ஆகும். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்ற உறவு மாறாது, உடைந்த இதழின் தடுமாற்றமும் போகாது. வள்ளத்தின் கைரேகை அதுதான்.

இங்கேதான் நுனிப்புல் மேய்ந்தவர் அகப்பட்டுக்கொள்வார். ஆழமில்லாத நீரில் தாழ்ந்த ஒலி தூரம் போகாது. 2 மீற்றர் ஆழமுள்ள நீரில், அடி இறுக்கமான தரை என்று வைத்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 190 துடிப்புக்குக் கீழான ஒலி பரவ வழியின்றிச் சில மீற்றருக்குள் மடிந்துபோகும். சேற்றுத் தரையில் நிலைமை இன்னும் மோசம். அப்படியானால் 75ஐ எப்படிக் கேட்பது? நேராகக் கேட்பதில்லை. விசிறி நீரைக் கிழிக்கும்போது நுண்குமிழிகள் வெடித்து ஒரு 'உஸ்' என்ற உயர்ந்த இரைச்சல் எழும். அது தூரம் போகும். அந்த இரைச்சல் நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் 75 தானாக வெளிவரும். வெப்பக் கடலோரங்களில் கொடுக்கைச் சொடுக்குகிற சிறு இறால்கள் இதே உயர்ந்த ஒலியில்தான் இரவெல்லாம் பொரிந்துகொண்டிருக்கும். எனவே கருவி பகலைவிட இரவில் அதிகம் தடுமாறுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இதற்கு மேல் பொறியியல் வேண்டாம். எந்த இடத்தில் பிழைவிடும் என்று தெரிந்தால் போதும், கருவியை வாசகர் நம்பிவிடுவார்.

எண் கிடைத்துவிட்டது. அந்த எண் யாருடையது? அதைச் சொல்ல இயந்திரத்துக்கு ஒரு மனிதர் வேண்டும். கரையில் வளர்ந்த ஒரு பெடியன் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 'இது இன்னாருடைய எஞ்சின்' என்று சொல்லக்கூடியவன். ஆறு வாரம், ஒரு கணினி, ஒரு காதுகேட்பான், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர். அவன்தான் சாக்குப் பை இல்லாத தலையாட்டி. தான் ஒற்றன் என்பது அவனுக்கே தெரியாது.

ஒற்றரைச் சேர்ப்பதற்குப் பணம், கொள்கை, மிரட்டல், மமதை என நாலு வழி என்று உளவு பற்றிய நூல்கள் சொல்லும். நம் மண்ணில் ஐந்தாவது உண்டு: காணாமற்போன அண்ணனைப் பற்றி ஒரு தகவல். இதைக் கையிலெடுத்தால் மிகக் கவனமாக எழுதுங்கள். கையாள்பவரைக் கொடியவராக்க வேண்டாம். அவர் இப்படித்தான் கதைப்பார்: "தம்பி, நீங்க எஞ்சினச் சொன்னாக் காணும். ஆளச் சொல்லத் தேவையில்ல." கதையின் கனம் முழுக்க இந்த இரண்டு வசனத்தில் இருக்கிறது. எஞ்சினுக்கும் ஆளுக்கும் இடையில் அவர் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறார். அந்தக் கோட்டில் நின்றுதான் பெடியன் நித்திரை கொள்வான்.

எது பிழையாகும் என்பது கரைவாசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். எஞ்சினை இரவல் கொடுப்பார்கள். மச்சானின் எஞ்சின் பழுது, ஒரு கிழமைக்கு இதைக் கொண்டுபோ என்பார்கள். இயந்திரம் எஞ்சினைத் தொடரும். குண்டு ஆளின் மேல் விழும்.

இப்போது கொலையின் விலைக்கு வருகிறேன். ஜேர்மனியில் நடந்த ஒரு வழக்கை அறியாமல் இந்த வகைக் கதையை எழுதக் கூடாது என்பது என் எண்ணம். பொக்தான் ஸ்தாஷின்ஸ்கி, சோவியத் உளவுத்துறையின் ஆள். மியூனிக் நகரில் 1957 ஒக்டோபரில் லெவ் ரெபெத்தையும், 1959 ஒக்டோபரில் ஸ்தெபான் பண்டேராவையும் கொன்றார். இருவரும் உக்ரேனியத் தேசியவாதிகள். ஆயுதம் ஓர் உலோகக் குழாய். அது நச்சை ஆவியாக முகத்தில் பீச்சும். முதற் கொலையின்போது குழாய் ஒரு செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. அந்தச் சாவை இதயம் நின்ற சாவு என்றே நம்பினார்கள். ஆளில் பயன்படுத்த முன்னர் ஒரு நாயைக் கட்டிவைத்துப் பரீட்சித்திருந்தார்கள். அவருக்குப் பதக்கமும் கிடைத்தது. 1961 ஓகஸ்ட் 12ஆம் திகதி, பேர்லின் சுவர் எழுவதற்கு முதல்நாள், இறந்துபோன தன் கைக்குழந்தையின் அடக்கத்துக்குக்கூட நிற்காமல், மனைவியுடன் மேற்குப் பக்கம் போய்ச் சரணடைந்தார்.

1962 ஒக்டோபரில் தீர்ப்பு: எட்டு ஆண்டு. இரண்டு கொலைக்கு ஏன் எட்டு? கொன்ற கை அவருடையது என்றாலும் கொலை அவருடையதல்ல, கட்டளையிட்டவர்களே கொலைகாரர், இவர் உடந்தை மட்டுமே என்றது நீதிமன்றம். மனந்திருந்தி வந்த ஒருவருக்குக் காட்டிய கருணை போலத் தெரிகிறது, இல்லையா? அடுத்து நடந்ததைப் பாருங்கள். அதே தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு, நாசிக் காலத்தில் கொன்றவர்கள் பலர் 'நாங்களும் உடந்தைதான்' என்று குறைந்த தண்டனையுடன் தப்பினார்கள். தன் கையால் செய்தவரே குற்றவாளி என்று சட்டத்தில் தெளிவாக எழுத 1975 வரை ஆனது.

கட்டளையிட்டவரே முழுப் பொறுப்பு என்றால் கை சுத்தமாகிவிடுகிறது. கையே முழுப் பொறுப்பு என்றால் மேசைகள் சுத்தமாகிவிடுகின்றன. நடுவில் ஓர் இயந்திரத்தையும் வையுங்கள், எல்லோரும் சுத்தம். கதையை இன்னும் இறுக்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்டலாம். செவ்வாய்க் கோளுக்கு ஒரு செய்தி போய்ச்சேரக் குறைந்தது 3 நிமிடம், கூடினால் 22. 'நிறுத்து' என்ற சொல் போய்ச் சேருமுன் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டே அனுப்பப்படும் 'நிறுத்து', பதிவுக் கோவைக்காக எழுதப்படும் சொல்.

மொழியையும் கவனியுங்கள். நம் பத்திரிகைகள் எத்தனை வருடம் 'இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்' என்று எழுதின? அந்த வசனம் செத்தவரின் பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் சொல்லும். கொன்றவரின் இடத்தில் ஒரு துவாரம். வாய்மொழியில் அது இன்னும் சுருங்கியது: 'போட்டாச்சு'. யார், யாரை, ஒன்றுமில்லை. உங்கள் கதையில் அதிகாரிகள் செயப்பாட்டுவினையில் கதைக்கட்டும், பெடியன் மெல்ல மெல்ல அதற்குப் பழகட்டும். ஒரு நாள் வீட்டில் தாயிடம் 'சோறு சாப்பிடப்பட்டது' என்பதுபோல ஒன்றைச் சொல்லித் தானே திடுக்கிடட்டும். (வேடிக்கையாகத்தான் இருக்கும். சிரிக்க விடுங்கள்.)

கொன்ற பிறகு நாயகன் ஓர் இரவு குடித்துவிட்டு மறுநாள் அடுத்த பணிக்குப் போவது தேய்ந்த உத்தி. போர்வீரர்களிடம் வேலைசெய்த மனநல வைத்தியர் ஜொனதன் ஷே 'அறக்காயம்' என்று ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உயிருக்குப் பயந்ததால் வரும் காயம் ஒன்று. சரி என்று நம்பியதை, அதிகாரம் உள்ளவரே, உயிர் பணயமான நேரத்தில் காட்டிக்கொடுத்ததால் வருவது இன்னொன்று. தானே அதைச் செய்ததால் வருவதையும் பின்வந்தோர் இதில் சேர்த்தார்கள். இரண்டாவதில் பயத்தின் இடத்தில் வெட்கம் இருக்கும். ஆகவே பெடியனைக் கனவில் அலறவிட வேண்டாம். அவன் கரைக்குப் போவதைக் குறைக்கிறான். மீன் சாப்பிடுவதில்லை. செத்தவரின் மனைவி கடைக்கு வரும் நேரம் தெரிந்து, வேறு நேரத்தில் போகிறான். ஒரு சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குகிறான்.

முடிவை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். வள்ளம் சிதறியது, ஆனால் எஞ்சின் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டது. எஞ்சினை யாரும் வீணாக்க மாட்டார்கள். கழுவி, அரை விலைக்கு வேறொரு துறையில் விற்கிறார்கள். வாங்கியவரிடம் விசிறி மாற்றக் காசில்லை. மூன்று மாதம் 'இலக்கு இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த இயந்திரம், ஒரு விடியற்காலை ஒலிக்கிறது. காதுகேட்பானில் 75ம் 25ம், அதே உடைந்த இதழ். திரையில் செத்தவரின் பெயர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை. 'இல்லை' என்று அழுத்தினால், முன்பு சொன்னதும் எஞ்சினைத்தான் என்று அவன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். வள்ளம் பாலத்துக்குக் கீழால் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுவது யார் என்று அவனுக்குத் தெரியாது.