ரேடியோ நெல் விளைந்த மண்

நடுவர் ஐயா அவர்களுக்கும், காவிரிக்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

'ஓர் அறிவிப்பாளரை உருவாக்குவது வானொலியா, விழா மேடையா?' இதுதான் தலைப்பு. மேடையே என்று பேசிய எதிரணி அண்ணன், "எதிரே ஆயிரம் முகம், உடனுக்குடன் கைதட்டல், தப்பு செய்தால் அப்போதே தெரிந்துவிடும். அறைக்குள் மைக்கோடு பேசுகிறவருக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

அண்ணே, முகம் தெரியாததுதான் வானொலியின் முதல் பாடமே. பகுதிநேர அறிவிப்பாளராகச் சேர்ந்த புதிதில், மேடைப் பழக்கத்தில் "நேயர்களே!" என்று உரத்துக் கூப்பிட்டேன். சிவப்பு விளக்கு அணைந்ததும் மூத்த அக்கா ஒருவர் உள்ளே வந்தார். "யாரைக் கூப்பிடுறே? அங்க கூட்டம் இல்ல. அடுப்படியில ஒருத்தி தனியா நிக்கிறா. அவகிட்ட பேசு" என்றார்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் என்று ஒரு வரி வாசிப்போம். வெளியூர்க்காரருக்கு அது வெறும் எண். நமக்கு அப்படியா? ஜூன் 12-ல் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா, நகையை அடகு வைக்கலாமா என்று ஒரு வீடே அந்த எண்ணுக்குக் காத்திருக்கும். முழு மட்டம் 120 அடி. அதில் பாதிகூட இல்லாத நாளில் வாசிக்கும்போது குரலில் அழுகையை ஏற்றக் கூடாது; அவசரமாகத் தாண்டிப் போகவும் கூடாது. கேட்கிறவர் மனதில் வாங்கிக்கொள்ளும்படி நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்த நிதானத்தை எந்தக் கைதட்டல் கற்றுக்கொடுக்கும்?

திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது, அதை எப்படிப் பயிரிடுவது என்று திரும்பத் திரும்பச் சொன்னது அந்த நிலையம்தான். நம் தஞ்சை விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் என்ன? ரேடியோ நெல்! ஆராய்ச்சி நிலையம் இதோ ஆடுதுறையில் இருக்கிறது, ஆனாலும் பெயர் ரேடியோவுக்குப் போனது. தாத்தா காலத்து விதையை மாற்றுவது சின்ன முடிவா? தப்பினால் அந்த வருஷச் சோறு போச்சு. முகம் பார்க்காத ஒரு குரலை நம்பி மாற்றினார்கள் ஐயா!

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்தில் பிறந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனும் வேளாண்மை படித்தவர்தான். வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொல்லும்போது தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைத்தார். எதிரே ஒரு முகமும் இல்லாமல்!

அண்ணன், உலகமெல்லாம் மேடை ஏறியவர் என்று பி.எச். அப்துல் ஹமீதை எடுத்துக்காட்டினார். சரி, அவர் எந்த வழியாக மேடைக்கு வந்தார்? இலங்கை வானொலி வழியாக. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த 'பாட்டுக்குப் பாட்டு' அங்கே வானொலியில் பிறந்தது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் அந்த நிலையம் அடுத்த வீட்டுப் பேச்சு போலக் கேட்டது. பாடியவரோடு இசையமைத்தவர், எழுதியவர் பெயரையும் மறக்காமல் சொல்கிறாரே, அந்த மரியாதை வானொலியில் பழகியது.

அப்புறம், தப்பு உடனே தெரியாது என்றாரே. எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம், பென்சில் எழுத்து. "நேத்து உன் குரல் கம்மியிருந்தது. கடைசிப் பாட்டுக்குப் படத்தின் பெயர் சொல்ல மறந்துட்டே. உடம்பு சரியில்லையா? சுக்கு தட்டிப் போட்டுக் குடிம்மா."

நான் செய்த தப்பையும் பிடித்து, அதற்கான காரணத்தையும் கண்டுபிடித்து, மருந்தும் சொல்லிவிட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. அந்த அட்டை இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது, நடுவர் ஐயா. கல்யாண வரவேற்போ, கோயில் விழாவோ, மைக்கை வாங்கியதும் நான் பேசுவது அவரிடம்தான். இத்தனை நேரம் இங்கே பேசியதும் அவரிடம்தான்.

வணக்கம்.