ஒரு பிள்ளையின் பெயர், ஓர் ஊரின் பெயர்

[காட்சி: திருகோணமலை பஸ் நிலையம், விடியற்காலை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது.]

வணக்கம். நம்மைச் சுற்றிப் பயணிகளோடு பயணிகளாக நாலைந்து புள்ளிமான்களும் நிற்கின்றன. அவற்றுக்கு வேண்டியது வாழைப்பழத் தோல், பஸ் அல்ல. நாம் கொழும்பு பஸ்ஸின் முகப்பைப் பார்ப்போம். அசோக் லேலண்ட். முதல் சொல் ஒரு பிள்ளையின் பெயர், அடுத்தது ஓர் ஊரின் பெயர்.

ஊர் இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கிறது. அங்கே கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் வந்த ஜேம்ஸ் சம்னர், நீராவியில் ஓடும் புல்வெட்டி வரை செய்து பார்த்தவர். ஸ்பரியர் குடும்பம் அவரோடு கைகோக்க, 1896இல் கம்பனி பிறந்தது. முதலில் வந்தது ஒன்றரைத் தொன் நீராவி வான். 1904இல் செய்த பெற்றோல் வண்டிக்கு விழுந்த பட்டப்பெயர் 'பன்றி'. அது எப்படி ஓடியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 1907இல் கம்பனி ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டது: லேலண்ட் மோட்டார்ஸ்.

[காட்சி: வரிசையாக நிற்கும் பழைய இராணுவ லொறிகள்.]

முதல் உலகப் போருக்கு ஏறக்குறைய 6,000 லொறிகளைச் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்ததும் சிக்கல். அடிபட்டு நொந்த லொறிகள் மலிவாக ஏலத்துக்கு வந்தால் புது லொறியை யார் வாங்குவார்? வாங்கிய பழையது நடுவீதியில் நின்றால் ஏச்சு விழுவது லேலண்டுக்கு. ஆகவே, தாங்கள் விற்ற லொறிகளில் சுமார் 3,000ஐத் தாங்களே திரும்ப வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் புதுப்பித்தார்கள். கம்பனி முழுகவே பார்த்தது. கணக்குப்பிள்ளை ஒருவரும் ஒப்புக்கொள்ளாத காரியம் இது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமும் இதுதான்.

தப்பிப் பிழைத்ததன் பலன் 1927இல் வந்த டைட்டன் மாடி பஸ். அதுவரை பல பஸ்களுக்கு லொறியின் அடிச்சட்டம்தான்; ஏறுவதே ஒரு மலையேற்றம். டைட்டனில் சட்டத்தைத் தாழ வளைத்தார்கள். முதியவரும் கால் வைத்து ஏறினார்.

1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின், லண்டனில் ஓடி ஓய்ந்த மாடி பஸ்கள் கப்பலேறி இங்கே வந்தன. அவற்றில் லேலண்டும் உண்டு.

மூன்றாம் தலைமுறை ஹென்றி ஸ்பரியர் 1963இல் விலகினார். பிறகு சரிவு வேகமானது: 1968இல் கார்க் கம்பனியோடு இணைப்பு, 1975இல் அரசின் கை, 1988இல் பஸ் பிரிவு வொல்வோவிடம்.

பிள்ளை? ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய நிறுவனத்துக்கு மகன் அசோக்கின் பெயரை வைத்தார். சென்னை எண்ணூரில் ஒஸ்டின் கார்களைப் பூட்டிய அந்த நிறுவனத்தில் லேலண்ட் பங்கெடுக்க, 1955இல் இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டன. 1982இல் லங்கா அசோக் லேலண்டும் வந்தது. சம்னர், ஸ்பரியர் பெயர்கள் மட்டும் எந்த பஸ்ஸிலும் இல்லை.

[காட்சி: பஸ்ஸின் உள்ளே. சாரதிக்கு இடப்புறம் சூடேறிய எஞ்சின் மூடி. அதன்மேல் யாரோ வைத்த கருவாட்டுப் பொதி.]

நடத்துநர் கூவத் தொடங்கிவிட்டார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கொழும்பு! சாரதி ஹோர்ன் அடிக்கிறார். ஒரு மான் மட்டும் நகர மறுக்கிறது.