இது எந்த மாதம்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் மாதிரி ரயில் கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். புகை வருமா, விசில் அடிக்குமா, எவ்வளவு வேகம் போகும் என்று. இன்று நான் எஞ்சினை ஓரமாக வைத்துவிட்டு, அது கடந்து போகும் வயலையும் வேலியையும் மரத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதினைந்து வருடமாக என் மாலை நேரங்கள் பெரும்பாலும் அதில்தான் போகின்றன.

தென் இங்கிலாந்தில் வசிக்கிறேன். நான் முதலில் செய்த கிராமக் காட்சியைப் பார்க்கப் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் வந்தார். பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். குனிந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எந்த மாதம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உயிர்வேலியில் ஹாத்தார்ன் செடி வெள்ளையாகப் பூத்திருந்தது. அது மே மாதம். பக்கத்து வயலில் அறுத்த கோதுமைக் கட்டுகள் சாய்த்து நிறுத்தியிருந்தன, அது ஆகஸ்ட். புல்லோ கடையில் வாங்கிய ஒரே பச்சை. அதற்கு மாதமே கிடையாது. ஒவ்வொரு பொருளையும் நான் கவனமாகத்தான் செய்திருந்தேன். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு நாளாக ஆகவில்லை. அன்று இரவு அந்த வயல் முழுவதையும் சுரண்டி எடுத்தேன்.

அதன் பிறகுதான் லாங் விட்டென்ஹாம் என்ற ஊருக்குப் போனேன். டிட்காட் ரயில் நிலையத்திலிருந்து சில மைல் தூரம். அங்கே பெண்டன் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை உருவாக்கியவர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் வந்த இளைஞர். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு என்ற பகுதியைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர். அந்தக் கிராமங்களின் பழைய வீடுகள் தன் கண் முன்னாலேயே மாறிக்கொண்டும் மறைந்துகொண்டும் இருப்பதைக் கண்டு, இவற்றைச் சின்ன அளவிலாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார். வீடு வீடாகப் போய் அளந்தார், படம் எடுத்தார், குறிப்பு எழுதினார். 1954-ல் அருங்காட்சியகம் தொடங்கியது. 1995-ல் அவர் காலமானார். தன்னார்வலர்கள் இன்றும் அதே வேலையைத் தொடர்கிறார்கள்.

அங்கே நிஜத்தின் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. ஒரு செங்கல்லின் நீளம் 3 மில்லிமீட்டர், உயரம் 1 மில்லிமீட்டர்தான் வரும். அட்டையில் சாந்துக் கோடுகளை அழுத்திக் கீறி, ஒவ்வொரு செங்கல்லுக்கும் தனித்தனியாக நீர்வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். எல்லாம் சிவப்புதான், ஆனால் சூளையில் அதிகம் வெந்தது, குறைவாக வெந்தது, மழையில் பாசி பிடித்தது என்று நிறம் மாறிக்கொண்டே போகும். அந்த ஒரு சுவரின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் அங்கே நான் கற்றது சுவரைவிடப் பெரிது. மண்ணைப் பார்க்கக் கற்றேன். அந்தப் பள்ளத்தாக்கின் தெற்கே சுண்ணாம்பு மேடு. மூவாயிரம் வருடங்களுக்கு முன் சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவம் இருப்பது அங்கேதான். சுமார் 110 மீட்டர் நீளம். மேட்டில் பெய்யும் மழை சுண்ணாம்புக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாக வரும். ஊற்று வரும் இடத்தில் ஊர் அமைந்தது. அதனால்தான் கிராமங்கள் அடிவாரத்தை ஒட்டி ஒரே வரிசையில் இருக்கின்றன. அதற்குக் கீழே, பள்ளத்தாக்கின் சமவெளியில் களிமண். தண்ணீரைப் பிடித்து வைக்கும் கனத்த மண், உழுவது கஷ்டம், புல் நன்றாக வரும். புல் இருந்தால் மாடு. மாடு இருந்தால் பால். அந்தப் பால்தான் கேன் கேனாக ரயிலேறி லண்டனுக்குப் போனது. பாருங்கள், பிளாட்பாரத்தில் நிற்கும் பால் கேனுக்கும் நிலத்தடிச் சுண்ணாம்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம். வீடுகளும் அப்படித்தான். நல்ல கல் கிடைக்காத இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் சுவர் எழுப்பினார்கள். அது மென்மையானது, மூலை உதிரும். எனவே மூலைகளுக்கு மட்டும் செங்கல். கூரைக்குக் கோதுமை வைக்கோல். காவிரி வண்டலில் விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். மண் எதைத் தருகிறதோ அதுதான் ஊர் என்பது எனக்குப் புதிய விஷயம் இல்லை. ஆனால் என் மேசையில் அதை மறந்துவிட்டிருந்தேன்.

இப்போது நான் கட்டுவது அதே பகுதியின் ஃபேரிங்டன் கிளைப் பாதையில் ஒரு சிறு துண்டு. அஃபிங்டன் நிலையத்திலிருந்து பிரிந்து போன பாதை. 1864-ல் திறந்தார்கள், பயணிகள் ரயில் 1951 கடைசியோடு நின்றுபோனது. நான் எடுத்துக்கொண்டிருப்பது 1930-களில் ஒரு ஜூன் மாதக் கடைசி வாரம். மாட்டுத் தீவனத்துக்காகப் புல்லை அறுத்து உலர்த்தும் காலம். ஹாத்தார்ன் பூ முடிந்துவிட்டது. வேலியில் காட்டு ரோஜாவும் எல்டர் செடியின் வெண்பூங்கொத்தும். கோதுமை இன்னும் பழுக்கவில்லை. மாதத்தை முடிவு செய்த உடனே பாதி சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிட்டன.

சரி, கைவேலைக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் சமதளப் பலகையில் தண்டவாளத்தைப் பதித்துவிட்டு, அப்புறம் சுற்றி மலை வைப்பார்கள். நிஜத்தில் நிலம் முதலில் இருந்தது. ரயில்வே பிறகு வந்து, மேட்டை வெட்டியது, பள்ளத்தில் கரை போட்டது. அதனால் நிலம் தண்டவாளத்துக்குக் கீழேயும் இறங்க வேண்டும். நான் தடித்த நுரைப்பலகைகளை அடுக்கி, கத்தியால் செதுக்கி, மேலே மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் போர்த்துகிறேன். கை முறிந்தால் போடுவார்களே, அதே துணிதான்.

மண்ணுக்கு நிஜ மண்ணையே போடுங்கள். நன்றாகக் காய வைத்து, ஓவன் அடுப்பில் சுட்டு, மெல்லிய துணியில் சலித்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு காந்தத்தை அதன் மேல் நகர்த்துங்கள். மண்ணில் இரும்புத் துகள் இருக்கும். அது எஞ்சினின் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாமல் விட்டதில் எனக்கு ஓர் எஞ்சின் போனது. மண்ணைத் தூவியதும் தண்ணீரை நுண்ணிய தூறலாகத் தெளித்து நனைத்து, பிறகு மரம் ஒட்டும் வெள்ளைப் பசையை நீர்க்கக் கரைத்து, அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது, முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

புல்லுக்கு இப்போது அருமையான கருவி இருக்கிறது. 2, 4, 6 மில்லிமீட்டர் நீளத்தில் செயற்கை இழைகள் கிடைக்கும். கருவி அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் ஏற்றும். ஒரே மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஈரப் பசைக்குள் நேராக வந்து குத்தி நிற்கும். பார்க்கும்போது நிலத்திலிருந்து புல் முளைப்பது மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே நீளம், ஒரே நிறம் போட்டால் கம்பளம் ஆகிவிடும். நான் வெளிர் வைக்கோல் நிறத்தை முதலில் போடுவேன். அதன் மேல் மூன்று நான்கு பச்சைகள், அங்கங்கே மட்டும். மாடு மேய்ந்த இடத்தில் 2 மில்லிமீட்டர். மாட்டு வாய் எட்டாத வேலியடியில் 6. நிறம் எதுவானாலும் நிஜத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும். நாம் இந்தக் காட்சியைப் பல பத்து மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரிதான் பார்க்கிறோம். அந்தத் தூரத்துக் காற்று நிறத்தைக் குறைத்துவிடும். பளபளப்பு எங்கேயும் கூடாது, தண்ணீரைத் தவிர.

இந்த இடத்தில் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நல்ல கைத்திறன் உள்ளவர்கள்கூட அதைச் செய்கிறார்கள். இன்றைக்கு இங்கிலாந்தில் ரயிலில் போனால் இருபக்கக் கரையிலும் மரங்கள் அடர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு நீராவிக் காலக் காட்சியிலும் கரை முழுக்க மரம் நட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் எஞ்சினிலிருந்து தீப்பொறி பறக்கும். காய்ந்த செடி பற்றிக்கொள்ளும். ஆகவே பாதை பராமரிக்கும் தொழிலாளர்கள் கரையை வெட்டிச் சீராக வைத்திருப்பார்கள். 1930-களின் கரை என்றால் அது பெரும்பாலும் வெறும் புல்தான். அரிவாளோடு நிற்கும் இரண்டு பேரை அங்கே வைத்தால் போதும், காலம் தெரிந்துவிடும்.

இனி மரம். என் மனம் முழுக்க இப்போது அதில்தான் இருக்கிறது.

கடையில் கிடைக்கும் மாதிரி மரங்கள் பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. 30 மீட்டர் மரத்தை 76-ல் ஒரு பங்காக்கினால் 39 சென்டிமீட்டர் வரும். அதன் அருகில் மனிதன் 2 சென்டிமீட்டர், இரண்டடுக்கு வீடு கைக்கு அடக்கம். இந்த அளவில் ஒரு மரத்தை நட்டுப் பாருங்கள். ரயில் திடீரென்று நிலத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பள்ளத்தாக்கின் வேலிகளில் அன்று ஓங்கி நின்றவை எல்ம் மரங்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் உருவம். கொத்துக் கொத்தாக, மேகம் மேல் மேகம் அடுக்கியது போல. 1960-களின் கடைசியில் ஒரு பூஞ்சை நோய் வந்தது. பட்டை வண்டு மரத்துக்கு மரம் அதைக் கொண்டு போனது. பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் பட்டுப்போயின. இன்று வேர்களிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன; ஆனால் கொஞ்சம் உயர்ந்து பட்டை தடித்ததும் வண்டு வந்துவிடுகிறது. ஆகவே அந்தக் கிராமத்தை அந்த உருவத்தில் இனி பார்க்க வேண்டுமென்றால் பழைய புகைப்படத்தில் பார்க்கலாம், அல்லது இப்படி ஒரு மேசையின் மேல் பார்க்கலாம். எனக்கு இந்த வேலை வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போனது இதனால்தான்.

செய்முறை பொறுமையைக் கேட்கும். மெல்லிய கம்பிகளை நூற்றுக்கு மேல் சேர்த்து அடிமரமாக முறுக்குவேன். கிளை பிரியும் இடத்தில் கம்பிகளையும் இரண்டாகப் பிரிப்பேன். அப்படியே பிரித்துப் பிரித்து நுனியில் ஒற்றைக் கம்பியில் முடியும். மேலே பசையும் மரத்தூளும் குழைத்துப் பூசினால் பட்டை. நுனிகளில் மெல்லிய நார், அதன் மேல் இலைத்துகள். எல்ம் மரத்தில் இலைத்திரளுக்கு நடுவே வானம் தெரியும் இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளியை விடத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மரங்கள் வீணாயின.

போன மாதம் பக்கத்து வீட்டம்மா மறுபடி வந்தார். இப்போது கைத்தடியோடுதான் நடக்கிறார். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அறுத்த புல்லைக் குவித்து வைத்திருந்த வயலைப் பார்த்தார், எல்டர் பூவைப் பார்த்தார். மாதத்தைக் கேட்கவில்லை. வேலி மூலையில் நின்ற எல்மைக் காட்டி, எங்கள் பண்ணை வாசலில் மூன்று நின்றன என்றார்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. மூன்றாவது இன்னும் கம்பியாகத்தான் மேசையில் நிற்கிறது. இந்த வாரம் பட்டை பூச வேண்டும்.

நன்றி, வணக்கம்.